வளவாளர் வகுப்பெடுத்த கதை

‘கல்வியில் தொழில்நுட்பம்’ என்ற தலைப்பில் யாராவது பேச வேண்டுமென்றால், 2020க்கு முன்னர் எங்கள் பக்கத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கு என்னிடம் இருந்த தகைமை இரண்டு. ஒன்று சொந்த லப்டொப். மற்றது அதைப் புரொஜெக்டரில் கொழுவுகிற வயர். பயிற்சி நடக்கிற இடங்களில் புரொஜெக்டர் இருக்கும், வயர் இருக்காது. இருந்தாலும் அதன் வாய் பொருந்தாது. வயரோடு வருகிறவர் வளவாளர், வயரில்லாமல் வருகிறவர் பங்குபற்றுநர். அந்த ஒரு முழ வயரின் புண்ணியத்தில் கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா என்று சுற்றி, ரோல்ஸும் பட்டீஸும் சாப்பிட்டு, பிரயாணப்படிக்குப் படிவம் நிரப்பி, ஒரு மாதிரிப் பெயர் எடுத்துவிட்டேன்.

ஸ்லைடுகளும் என்னுடையவை அல்ல. மகரகம தேசிய கல்வி நிறுவகத்தில் ஒரு பயிற்சிக்குப் போனபோது, பக்கத்துக் கதிரைக்காரரின் பென் டிரைவிலிருந்து என்னுடையதற்குக் குடிவந்தவை. ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் சின்ன எழுத்தில் அவருடைய பெயர் இருந்தது. அதை எப்படி அழிப்பதென்று எனக்குத் தெரியாது. கேட்டவர்களிடம் “அது உசாத்துணை” என்று சொல்லிச் சமாளித்தேன். தொழில்நுட்பம் பேச வந்த ஆளுக்கு அடிக்குறிப்பை அழிக்கத் தெரியாதது ஒருவருக்கும் உறுத்தவில்லை. தேநீர் நேரம் நெருங்கியிருந்தது.

அந்த ஸ்லைடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது மூன்று வட்டப் படம். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஷ்ரா, கோலர் இருவரும் 2006இல் எழுதிய கட்டுரையிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய படம் அது. பாட அறிவு ஒரு வட்டம், கற்பித்தல் அறிவு ஒரு வட்டம், தொழில்நுட்ப அறிவு ஒரு வட்டம். மூன்றும் ஒன்றையொன்று வெட்டுகிற நடுத்துண்டுதான் ஆசிரியருக்கு வேண்டியது. கணித ஆசிரியனுக்கு எதையும் வென் வரிப்படமாகப் போட்டுத் தந்தால் போதும், மறுபேச்சில்லாமல் நம்பிவிடுவான். நடுத்துண்டில் லேசர் புள்ளியை ஓடவிட்டு, “நாங்க எல்லாரும் இதுக்குள்ள வரவேணும்” என்பேன். நான் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பதாகத் தொனிக்கும். கட்டுரையை நான் வாசித்ததில்லை.

எங்கள் நாட்டுக் கல்விக்கும் கணினிக்கும் உள்ள உறவு பழையது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் 2000களின் தொடக்கத்தில் இடைநிலைப் பாடசாலைகளுக்குக் கணினி அறைகள் வந்தன. 2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அறிவித்தார்கள். 2017 வரவு செலவுத் திட்டத்தில் உயர்தர மாணவர்களுக்கு டப் தருவோம் என்றார்கள். அந்தப் பேச்சு பிறகு அப்படியே அமுங்கிப் போனது. நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் கணினி அறை எப்போதும் சுத்தமாக இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், கணினிகளுக்குப் பூப்போட்ட துணி மூடியிருக்கும், திறப்பு அலுமாரிக்குள் இருக்கும். அந்தத் திறப்பைக் கணித பாடத்துக்கென்று ஒருநாளும் போய்க் கேட்டிராத ஆசிரியர்களில் முதலாமவன் நான்.

2020 மார்ச் 12, வியாழக்கிழமை. மறுநாளிலிருந்து பாடசாலைகள் மூடப்படும் என்று அறிவித்தார்கள். 20ஆம் திகதி மாலை நாடு முழுக்க ஊரடங்கு. உச்சக்கட்டத்தில் உலகமெங்கும் 160 கோடி மாணவர்கள் வரை பாடசாலையும் பல்கலைக்கழகமும் இல்லாமல் இருந்தார்கள் என்று யுனெஸ்கோ கணக்குச் சொன்னது. நான் ஆசிரிய ஆலோசகர் வேலையோடு, ஆள் இல்லாத குறைக்குத் தரம் 9க்கும் 10க்கும் கணிதமும் எடுத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் முதலில் எனக்குச் சந்தோஷம்தான். கத்தரிக்குப் பாத்தி கட்டினேன். பிறகு அதிபர் கோல் எடுத்தார்.

“சேர், நீங்கதானே டெக்னொலொஜி ஆள். நீங்க தொடங்குங்க, மத்தவங்க உங்களப் பாத்துச் செய்வாங்க.”

அந்த வயரை அன்றைக்கே கிணற்றில் போட்டிருக்க வேண்டும்.

வட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கி, அட்சரகணிதப் பயிற்சித்தாள் ஒன்றைத் தட்டி அனுப்பினேன். இலங்கையில் என் வயதுக்காரர்கள் தமிழ் தட்டினால் அது பாமினி எழுத்துருவில்தான். யுனிகோட் என்று ஒன்று இருப்பது தெரியும், ஸ்லைடில் இருந்தது. பாமினியில் தட்டியது பாமினி உள்ள கணினியில் மட்டும்தான் தமிழ். வேறெங்கே போனாலும் உள்ளே ஒளிந்திருக்கும் ஆங்கில எழுத்துகள் வெளியே வந்து நிற்கும், புள்ளி வைத்த எழுத்தெல்லாம் அரைப்புள்ளியோடு தொங்கும். எக்ஸும் வையும் மட்டும் இருக்க வேண்டிய அட்சரகணிதத் தாளில் ஆங்கில அரிச்சுவடி முழுவதும் வந்துவிட்டால் எது தெரியாக்கணியம், எது கேள்வி?

ஊரடங்கு தளர்த்திய ஒரு நாள், மரக்கறி வாங்க நின்ற வரிசையில் ஒரு தகப்பன் கேட்டார். “சேர், கணக்கு இப்ப இங்கிலீஷ்லயா? புள்ள ரெண்டு நாளா எழுதுறா. எனக்கு ஒண்டும் விளங்கல்ல.”

பிள்ளை முழுவதையும் கொப்பியில் எழுதியிருந்தாள், அரைப்புள்ளிகள் உட்பட. கையெழுத்து அவ்வளவு அழகு. கீழே சிவப்புப் பேனையால் இரட்டைக் கோடும் போட்டிருந்தாள், நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே. ‘சேர், இது விளங்கவில்லை’ என்று ஒரு வரி அவள் எழுதவில்லை, வேறு ஒருவரும் எழுதவில்லை. சொன்னதைச் சொன்னபடி பார்த்தெழுதுகிற பிள்ளைதான் நல்ல பிள்ளை என்று அவர்களுக்குப் பழக்கியது யார்? 2007 பாடத்திட்டத்தோடு வந்த 5ஈ முறையில் மாணவர் தாமாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஊரூராகப் பிரசங்கம் செய்தவன்தான்.

அடுத்தது சூம். 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு ஒரு கோடிப் பேர் கூடிய இடத்தில் 2020 ஏப்ரலில் 30 கோடிப் பேர் கூடினார்கள் என்று அந்த நிறுவனமே பெருமைப்பட்டது. நான் மண்டபத்துச் சுவரில் ஒரு சின்ன வெள்ளைப்பலகையை மாட்டி, எதிரே பிஸ்கட் பேணியில் கைத்தொலைபேசியைச் சாய்த்துவைத்துத் தொடங்கினேன். இருந்த பிள்ளைகள் கொஞ்சம். ஐந்து வீட்டை எடுத்தால் ஒன்றில்தான் கணினி என்று தொகைமதிப்புத் திணைக்களம் சொன்ன நாட்டில், வந்ததெல்லாம் வாப்பாவின் போனிலோ மாமாவின் போனிலோதான்.

எழுதிவிட்டுத் திரும்பித் திரையைப் பார்த்தேன். நெஞ்சு பக்கென்றது. எல்லாம் இடவலம் மாறிக் கிடந்தது. 3 மறுபக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது, 7 வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பிள்ளைகளுக்கு இப்படித்தானே தெரியும்? ‘உங்களுக்கு எப்படித் தெரியுது?’ என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆலோசகர் ஆலோசனை கேட்பதா? அன்றிரவு பலகைக்கு முன் நின்று, வலமிருந்து இடமாக, இலக்கங்களைத் திருப்பிப் போட்டு எழுதப் பழகினேன். பூச்சியம், எட்டு, சக, சய, சமன் ஆகியவை தொந்தரவு தரவில்லை. மற்றவை எல்லாம் சேர்ந்து பழிவாங்கின. இருபடிக் கோவை ஒன்றைக் காரணிப்படுத்தி முடிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது. ஆனால் கடைசியில் திரையில் எல்லாம் நேராகத் தெரிந்தது. கத்தரிப் பாத்தியைத் தவிர அந்த ஊரடங்கில் நான் சாதித்தது அது ஒன்றுதான்.

மறுநாள் வகுப்பு. பிள்ளைகள் வழக்கம்போல அமைதி. பாதி பாடத்தில் ஒரு சின்னவன் மட்டும் மெதுவாகக் கேட்டான்: “சேர், ஏன் அரபு மாதிரி அந்தப் பக்கமிருந்து வாறீங்க?”

பல்கலைக்கழகம் மூடி வீட்டிலிருந்த மகள் பின்னால் வந்து நின்றிருக்கிறாள். “அப்பா, அது உங்களுக்கு மட்டும்தான் கண்ணாடி மாதிரிக் காட்டும். அவங்களுக்கு முதல்லயே சரியாத்தான் தெரிஞ்சிருக்கும்.” சொல்லிவிட்டுக் குசினிக்குள் ஓடினாள். அங்கே தாயும் மகளும் சிரித்தது சூமிலும் கேட்டிருக்கும், மைக் திறந்துதான் கிடந்தது. சரியாகத் தெரிந்ததை இரவிரவாகப் பாடுபட்டுப் பிழையாக்கியிருக்கிறேன். திருப்பி எழுதியதையும் சில பிள்ளைகள் திருப்பியபடியே கொப்பியில் இறக்கியிருந்தார்கள் என்பது பிறகு தெரியவந்தது.

இவையெல்லாம் பகிடி. சொல்லிச் சிரிக்கலாம். அடுத்ததைச் சொல்லத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

வகுப்பில் எனக்கொரு வாய் உண்டு. பிழையான விடை சொன்ன பிள்ளையைப் பார்த்து, “உனக்கு ஆர் தம்பி கணக்குப் படிப்பிச்சது, மாடா?” என்பேன். வகுப்பே கொல்லென்று சிரிக்கும், அந்தப் பிள்ளையும் சிரிக்கும். முன்பிருந்த ஒரு பாடசாலையின் பிரியாவிடை மடலில்கூட ‘நகைச்சுவை உணர்வு மிக்கவர்’ என்று எழுதிச் சட்டம் போட்டுத் தந்தார்கள். மண்டபத்தில் மாட்டியிருக்கிறேன், அந்த வெள்ளைப்பலகைக்குப் பக்கத்தில்.

சூமில் ஒருநாள் தரம் 9 பையன் ஒருவன் மறை எண்ணைக் கழிப்பதில் தடுமாறினான். வழக்கமான வசனம் வாயில் வந்துவிட்டது. சொல்லி முடித்துச் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். எல்லா மைக்கும் மூடியிருக்கிறது, யார் சிரிப்பது? திறந்திருந்தது அவனுடைய மைக் மட்டும்தான். அதற்குள்ளிருந்து ஒரு வயதான குரல் வந்தது.

“ஆரு மகன் அது? உன்னயா ஏசுறாரு?”

“இல்ல மூத்தம்மா. சேர் பகிடி விடுறாரு.”

“பகிடியா? அப்ப நீ ஏன் சிரிக்கல்ல?”

வகுப்பு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. பையன் அவசரமாக மைக்கை மூடினான். நான் ஏதோ நெட் பிரச்சினை என்று முனகிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனேன். மேற்பார்வைக்கு அதிகாரிகள் பின்வாங்கில் வந்து உட்காருகிற நாட்களில் இந்தப் பகிடி என் வாயில் வருவதில்லை, ஒருபோதும் வந்ததில்லை. கல்வியியற் கல்லூரியில் படித்த பிள்ளை உளவியல், அதில் வாங்கிய புள்ளிகள், பிறகு அதையே மற்றவர்களுக்கு எடுத்த வகுப்புகள் எல்லாம் இருந்தும், அந்தக் கேள்வியைக் கேட்க அடுப்படியிலிருந்து ஒரு மூத்தம்மா வர வேண்டியிருந்தது. இன்னொன்றும் அன்று இரவுதான் உறைத்தது: அந்தப் பையனுக்குத் தரம் 6இலிருந்து கணக்குப் படிப்பித்தது வேறு யாருமல்ல, நான்தான்.

வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே நாங்கள் ராசா. நாற்பது நிமிடப் பாடவேளை, கேட்பதற்குச் சின்னப் பிள்ளைகள், அவ்வளவுதான். பெருந்தொற்று அந்தக் கதவைக் கழற்றி ஒவ்வொரு வீட்டு மண்டபத்திலும் வைத்துவிட்டது. வாப்பா கேட்கிறார், உம்மா கேட்கிறார், திண்ணையில் வெற்றிலை இடிக்கிறவர் கேட்கிறார். தொழில்நுட்பம் தெரியாததால் வந்த வெட்கம் சீக்கிரம் போய்விட்டது, மகளிடம் கேட்டுப் பொத்தான்களைப் படித்துக்கொண்டேன். படிப்பிக்கிறதிலேயே இருந்த ஓட்டைகள்தான் வரிசையாக வெளியே வந்தன. அவற்றை ஆரிடம் கேட்டுப் படிப்பது?

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போதே என்னை ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். ‘சூம் மூலம் கற்பித்தல்’, சூம் மூலமே. நல்ல கூட்டம். எங்கள் வழக்கப்படி முதலில் தேசிய கீதம். அவரவர் வீட்டில் எழுந்து நின்றார்கள் என்று நம்புவோம். பிறகு சமய அனுட்டானம், மூன்று சமயத்துக்கும். பிறகு வரவேற்புரை, தலைமையுரை, பிரதம அதிதி உரை, வளவாளர் அறிமுகம். அறிமுகம் கொஞ்சம் நீளம். அதை நானே எழுதிக் கொடுத்திருந்தேன். அது முடிந்து, நான் தொண்டையைச் செருமி, திரையை எப்படிப் பகிர்வது என்று காட்ட மவுஸைத் தூக்கியபோது படம் அணைந்தது. காசு கட்டாத சூம் நாற்பது நிமிடத்தில் அறுந்துவிடும். அதை எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பதற்காகத்தான் நான் வந்திருந்தேன். ஐந்தாவது ஸ்லைடில் இருந்தது. இரண்டாவது லிங்க் அனுப்பினேன். திரும்பி வந்தவர்கள் பாதிக்கும் குறைவு. அறிக்கையில் முதல் லிங்க்கின் எண்ணிக்கையைத்தான் எழுதினேன்.

திரும்பி வந்தவர்களிலும் எத்தனை பேர் உண்மையில் இருந்தார்கள்? கமரா இருட்டு, பெயர் மட்டும் வரிசையாக மின்னுகிறது. “விளங்குதா?” என்றால் ஒரே நேரத்தில் கட்டைவிரல்கள் எழும்பும். “ஒராள் சொல்லுங்க பாப்பம்” என்றால் மயான அமைதி. எரிச்சல் வந்தது. எரிச்சல்பட எனக்குத் தகுதி இல்லை. இதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு பெரிய பயிற்சி, முழுக்கச் சிங்களத்தில். கந்தளாயில் இத்தனை வருடம் இருந்தும் என் சிங்களம் சந்தை தாண்டாது. அரட்டைப் பெட்டியில் ‘ஹரி சேர்’, அதாவது ‘சரி சேர்’, என்று போட்டுவிட்டு, போனைச் சார்ஜில் போட்டு, வாழைக்குலை வெட்டப் போய்விட்டேன். திரும்பி வந்தால் என் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மைக்கைத் திறந்து “ஹரி சேர்” என்றேன். சிரிப்பு கேட்டது. கேட்டது என்ன கேள்வி என்று இன்றுவரை விசாரிக்கவில்லை.

இணையம் எட்டாத பிள்ளைகளுக்கு அச்சடித்த தாள் கொடுப்பது என்று முடிவாயிற்று. போட்டோகொப்பி எடுத்து, விடைத்தாளோடு சேர்த்துப் பின் அடித்து, பேராற்றுப் பக்கம் ஒரு பலசரக்குக் கடையில் வைத்தேன். பருப்பு, சீனி வாங்க வருகிறவர்கள் பிள்ளையின் தாளையும் எடுத்துப் போவார்கள். தமிழ்நாட்டில் 2021 கடைசியில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்பினார்கள். எங்கள் ஒழுங்கையில் அந்த வேலையை அதற்கு முன்பே பார்த்தவர் கடைக்கார நானா. ஓ.எல். வரை போனவர், கல்லாவில் உட்கார்ந்தவாறே என் தாள்களை வாசிப்பார். நான் மற்றக் கட்டைக் கொண்டுபோனபோது முதல் கட்டில் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

“சேர், நாலாவது கணக்கப் பாருங்க.”

எளிய வட்டி. 25,000 ரூபா, ஆண்டு வட்டி 12 வீதம், இரண்டு வருடம் ஆறு மாதம். விடைத்தாளில் 7,800 ரூபா என்று போட்டிருந்தேன். இரண்டு வருடம் ஆறு மாதத்தை 2.6 ஆண்டு என்று எடுத்தால் வருகிற விடை அது. ஆறு மாதம் என்றால் அரை வருடம், 2.5, விடை 7,500. தரம் 9 பிள்ளைகள் வழக்கமாக விடுகிற பிழை இது என்று ஆசிரியர்களுக்கு நானே எச்சரிப்பதுண்டு. ‘பொதுவான வழுக்கள்’ என்ற ஸ்லைடில் முதலாவது.

“முந்நூறு ரூபா கூடுது சேர்” என்றார் நானா. “எங்களுக்கு வட்டியே ஹராம். அதுல முந்நூறு கூட வேற வாங்குறீங்க.”

தாள் வாங்கிப்போன பிள்ளைகளில் ஒருவர் விடாமல் 7,800ஐச் சரி என்று போட்டு அடையாளம் செய்திருந்தார்கள். 7,500 எடுத்திருந்த ஒரு பிள்ளையும் அதை வெட்டிவிட்டு என் விடையை எழுதியிருந்தது.

தொலைக்காட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் நேத்ரா அலைவரிசையில் ‘குருகெதர’ பாட நிகழ்ச்சி தமிழில் தொடங்கியது. பாருங்கள் என்று எல்லாப் பெற்றோருக்கும் செய்தி அனுப்பினேன். நான் பார்க்கவில்லை. ஒரு பிள்ளை “டீவில வாற சேர் சொன்னா விளங்குது” என்று எழுதிய பிறகு பார்த்தேன், உளவு பார்க்கிற மாதிரி. அந்த மனிதர் நன்றாகத்தான் செய்தார். டீவி உள்ள வீட்டில் நான் தேவையில்லை என்று அன்றைக்குப் புரிந்தது. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

2021 ஏப்ரல் கடைசியில் மறுபடி மூடினார்கள். இந்த முறை நான் அனுபவசாலி. போன் வாப்பாமாருடையது, அவர்கள் வயலிலிருந்தும் வேலையிலிருந்தும் வர மாலையாகும், ஆகவே ஆறரைக்கு வகுப்பு என்று அறிவித்தேன். தர்க்கம் சரி. அந்த நாட்களில்தான் ஊவாவில் பொஹிட்டியாவ என்ற கிராமத்தில் பிள்ளைகளும் ஆசிரியரும் காடு கடந்து, பாறை ஏறி, அங்கே கிடைக்கிற சிக்னலில் படிக்கிற படங்கள் உலகச் செய்தியில் வந்தன. ‘என்ன அர்ப்பணிப்பு!’ என்று எழுதி அதைப் பெற்றோர் குழுவில் பகிர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு தாய் கோல் எடுத்தார்.

“சேர், எங்கட புள்ளையளும் குளக்கட்டுலதான் ஏறி நிக்குதுகள். ஆறரை மணி யானை இறங்குற நேரம். விடியக்காலம வைக்க ஏலாதா?”

கந்தளாயில் சிக்னல் கோடு வருவதும் போவதும் நீங்கள் நிற்கிற உயரத்தைப் பொறுத்தது. குளக்கட்டில் ஏறினால் வரும். குளக்கோட்டன் கட்டியதென்று ஒரு மரபும் இரண்டாம் அக்போ மன்னன் கட்டியதென்று இன்னொரு மரபும் உரிமை கோருகிற கட்டு அது. 1986 ஏப்ரல் 20 அதிகாலை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனதும் அதே குளந்தான். யானை எப்போது வரும் என்பது இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கால அட்டவணை போடும்போது அது ஞாபகத்தில் இல்லை, ஏனென்றால் என் வீட்டில் ரவுட்டர் இருந்தது. பதுளைப் பக்கத்துப் பாறையைப் பார்த்துக் கண்கலங்கியவன், என் பிள்ளைகள் எங்கே நின்று என்னைக் கேட்கிறார்கள் என்று ஒருநாளும் விசாரித்திருக்கவில்லை.

அன்றோடு சூமைக் கைவிட்டேன். பாடத்தைச் சின்னச் சின்னக் குரல் பதிவுகளாக வட்ஸ்அப்பில் போட்டேன். படம் வேண்டுமென்றால் கொப்பியில் போட்டுப் புகைப்படம். எந்த நேரமும் கேட்கலாம், டேட்டாவும் அதிகம் தின்னாது. இதை ஏதோ நானாகக் கண்டுபிடித்ததாக ஓரிரு கூட்டங்களில் சொல்லியுமிருக்கிறேன். அந்தத் தாயின் கோலைச் சொல்லவில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு நண்பர், எடியூகோஸ் ரிவியூ இதழில் சார்ள்ஸ் ஹொட்ஜஸும் சகாக்களும் 2020 மார்ச்சிலேயே எழுதிய கட்டுரையை அனுப்பினார். திட்டமிட்டு, மாதக்கணக்கில் வடிவமைத்துச் செய்வதுதான் இணையவழிக் கற்பித்தல். பெருந்தொற்றில் எல்லோரும் அவசரமாகச் செய்தது அவசரகாலத் தொலைநிலைக் கற்பித்தல். இரண்டையும் குழப்பி ஒன்றை வைத்து மற்றதை எடைபோடாதீர்கள் என்கிறார்கள். என் வாழ்க்கையில் முழுவதும் வாசித்த ஆய்வுக் கட்டுரை அது. அவ்வளவு ஆறுதல். அதிபருக்கு அனுப்பினேன், மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். “ஓம், சூம் அவசரத்துக்கு வந்தது. அந்த மாட்டுப் பகிடி எவ்வளவு காலமாத் திட்டமிட்டது?” என்றாள். மூத்தம்மா கதையை மகள் அவளிடம் சொல்லியிருக்கிறாள்.

2021 ஜூலை 12இலிருந்து ஆசிரியர், அதிபர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. இருபத்துநாலு வருடச் சம்பள முரண்பாடு, நியாயமான கோரிக்கை. நானும் விலகினேன், கொள்கையோடுதான். ஆனால் செய்தி வந்த நிமிடம் என் மனதில் எழுந்தது சம்பளம் அல்ல, ‘அப்பாடா’ என்ற ஒரு பெருமூச்சு. போராட்டத்தில் பங்கெடுத்தவர்களில் சம்பளத்தை இரண்டாவதாக நினைத்தவர் வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதலாம், இரகசியம் காப்பேன். விலகல் ஒக்டோபர் கடைசிவரை நீண்டது. அந்த மாதங்களில் பிள்ளைகளிடம் இருந்தது என் பழைய குரல் பதிவுகள் மட்டும்தான்.

நவம்பரில் தரம் 10 பிள்ளைகள் முகக்கவசத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். மாட்டுப் பகிடியைக் கைவிட்டிருந்தேன். பலகையில் இடமிருந்து வலமாக எழுதினேன். “ஏன் அப்படி வருது? ஆராவது சொல்லுங்க பாப்பம்” என்று கேட்டுவிட்டு, பயிற்சிக் கையேடுகளில் உள்ளபடி, பொறுமையாகக் காத்திருந்தேன். பின்வாங்கில் ஒருவன் காலை ஆட்டிக்கொண்டும் பேனையைத் தட்டிக்கொண்டும் இருந்தான். மூத்தம்மாவின் பேரன் அல்ல, வேறொருவன்.

“என்ன தம்பி, விளங்கல்லையா?”

“விளங்குது சேர்.” கொஞ்சம் யோசித்தான். “நீங்க மெதுவாக் கதைக்கிற மாதிரி இருக்கு.”

“நான் எப்பவும் இப்படித்தானே கதைக்கிற?”

“இல்ல சேர். வொய்ஸ்ல உங்கள ஒன்றரைல போட்டுத்தான் கேக்குற. அப்பதான் நித்திரை வராது.”

குரல் பதிவை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கிற வசதியை அந்த வருட நடுவில்தான் வட்ஸ்அப் கொண்டுவந்திருந்தது. எனக்குத் தெரியாது. வகுப்பு முழுவதும் ஆமாம் என்று தலையாட்டியது. முன்வாங்கிலிருந்து, அன்று அரைப்புள்ளிகளோடு கணக்கை எழுதிய அதே பிள்ளை கையை உயர்த்தினாள். அனுமதி கொடுத்தேன்.

“நான் ரெண்டுல, சேர்.”